முழுக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்

சொந்தச் செலவில் புத்தகம் போட்டு, அதை வைத்தே குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். முடியும் என்றுதான் பதில் போடுகிறேன். போட்ட பிறகு, பொய் சொல்லிவிட்டோமோ என்று அரை நாள் மனம் அடித்துக்கொள்ளும். எனக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை. மூத்தவள் தொடக்கப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சின்னவன் இன்னும் தவழ்கிறான். உங்களைவிட ஐந்து புத்தகம் முன்னால் போய் அடிபட்டவள், அவ்வளவுதான்.

தினமும் எழுதுங்கள், நல்ல அட்டை போடுங்கள், பிழை திருத்த ஆள் வையுங்கள் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். அவை சரியான பழக்கங்கள்தான். ஆனால் அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் பலர் இன்று எழுதுவதை விட்டுவிட்டார்கள். நான் சொல்லப்போவதை யாரும் மேடையில் சொல்வதில்லை. சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கும் இதை எழுதலாமா கூடாதா என்ற தயக்கம் இருந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வீட்டில். என் கணவர் மகேன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நானும் அங்கேதான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சின்னவன் பிறந்ததும் நின்றுவிட்டேன். சிறு பிள்ளைகள் தமிழ் வாசித்துப் பழக நான்கு சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டிருந்தேன். பாலர் பள்ளி வாசலிலும் கோயில் திருவிழாக்களிலும் அம்மாக்களிடம் நேரடியாக விற்றேன். வாங்கிய ஒவ்வோர் அம்மாவின் பெயரையும் பிள்ளையின் வயதையும் கைப்பேசியில் பதிந்து வைப்பேன். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது புத்தகம் பெரியது. நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய கதைகள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். படம் வரைந்த பெண்ணுக்கும் பக்கத்து ஊரான ராசாவில் இருக்கும் அச்சகத்துக்கும் எங்கள் சேமிப்பு முழுவதும் போனது. மகேனுக்கும் எனக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. இந்தப் புத்தகம் போட்ட முதலை எடுக்கவில்லை என்றால் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய சூப்பர்வைசர் அண்ணன் எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். “வெளியீடு ஞாயித்துக்கிழமை தானே? திங்கக்கிழம காலையில நான் போன் போடறேன், வரேன் வரலன்னு ஒரே வார்த்தைல சொல்லிடும்மா. அதுக்கு மேல நிப்பாட்டி வைக்க முடியாது” என்று சொல்லியிருந்தார். அந்த வேலைக்குப் போனால் திரும்ப எழுத வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் ஷிப்ட் வேலையையும் வைத்துக்கொண்டு யாரால் எழுத முடியும்?

இனி நான் செய்த முட்டாள்தனம். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புத்தகம் என்றால் முதல் பக்கங்களில் பெரியவர்களின் வாழ்த்துரை இருக்க வேண்டும், படத்தோடு. வாழ்த்துரை இல்லாத புத்தகம் அப்பா பெயர் இல்லாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. நானும் கேட்டேன். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். பள்ளி வேன்கள் வைத்து நடத்துகிறார். என் மகளும் அவருடைய வேனில்தான் போகிறாள்.

“முழுசா அனுப்புங்கம்மா. படிச்சாத்தானே எழுத முடியும்?” என்றார்.

அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை அப்படியே பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. நினைவூட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து பயந்து ஒரு செய்தி போட்டேன். “நீங்களே எழுதிடுங்கம்மா, கீழ என் பேரைப் போட்டுடுங்க” என்று பதில் வந்தது. அடுத்த வீட்டில் கறிவேப்பிலை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். உட்கார்ந்து என்னையே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ‘இளம் எழுத்தாளர்களுக்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு.’ எழுதும்போது காது சூடாகிவிட்டது. அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது.

வெளியீட்டு வாரம் புதன்கிழமை, மகளை வேன் ஏற்றிவிட்டு நின்றிருந்தேன். புஷ்பா வந்தாள். அவள் மகனும் அதே வேன்தான்.

“சிஸ், உங்க புத்தகம் வேற லெவல்லா! இவன் சாப்பிடாம அதையே பாத்துக்கிட்டு இருக்கான்.”

“எந்தப் புத்தகம்?”

“புதுசுதான். அந்த உடும்பு துரத்தற கதை. தங்கச்சிக்கு வேற வாசிச்சுக் காட்டறான்.”

புதுப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் என் வீட்டு முன்னறையில் இருந்தன.

“எங்க கிடைச்சுச்சு, புஷ்பா?”

“வாட்சப்லதான்லா. தலைவர் போட்டாரே, பாக்கலயா? ஸ்கூல் குரூப், கோயில் குரூப், எங்க மாமியாரு ஊரு செண்டாயான் குரூப்ல கூட வந்துருச்சு.”

காலை வணக்கப் படங்கள் தாங்காமல் அந்தக் குழுக்களின் சத்தத்தை நான் அணைத்து வைத்திருந்தேன். புஷ்பாவே திறந்து காட்டினாள். என் புத்தகம் முழுவதும் அங்கே இருந்தது. மேலே தலைவரின் வரி: ‘நம் பிள்ளைகள் தமிழ் படிக்க என் அன்பளிப்பு. அனைவருக்கும் பகிருங்கள்.’ கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். ‘வாழ்க உங்கள் சேவை, தலைவரே.’ ‘நீங்கள்தான் உண்மையான தமிழர்.’ என் பெயரை ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும் முன்பே பள்ளியிலிருந்து மீனா டீச்சர் அழைத்தார். முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை பிள்ளைக்கு ஒன்று என்று பள்ளி வாங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தது. என் கணக்கில் பாதி அதுதான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பைல்தான் வந்துருச்சே, போட்டஸ்டேட் எடுத்துக்கலாம்னு எச்.எம். சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஆபீசுக்கு மட்டும் ரெண்டு புக் வாங்கிக்கறோம்.”

“சரிங்க டீச்சர்” என்று சொல்லி வைத்துவிட்டேன். சரிங்க டீச்சர்! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. உங்களுக்கும் இப்படித்தான் வாயில் வரும். படித்த பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். பிழைப்பைப் பிடுங்கினாலும் சரிங்க என்போம்.

மகேன் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பேசாம இரு. பாப்பா அங்கதான் படிக்கறா. வேனும் அவருது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் ஆயிரம் சந்தேகம். பிள்ளைகள் படிக்கத்தானே எழுதினேன்? படிக்கிறார்களே, அப்புறம் என்ன? புஷ்பாவின் மகன் தங்கைக்கு வாசித்துக் காட்டுகிறான் என்றால் நான் சந்தோஷப்பட வேண்டாமா? நான் பேராசைக்காரியா? சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ‘என் அன்பளிப்பு’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் செரிக்கவே இல்லை. சின்னவனை மகேனிடம் கொடுத்துவிட்டுத் தலைவருக்கு அழைத்தேன்.

“என்னம்மா, சந்தோஷமா? ஊரே படிக்குது!”

“ஐயா, அது விக்கறதுக்கு அச்சடிச்ச புத்தகம்.”

“விக்கலாம், விக்கலாம். ஞாயித்துக்கிழமை முதல் புத்தகம் நான்தானே வாங்கறேன்? கவரு கனமாவே வைக்கறேன்.”

“ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க, ஐயா.”

“அவங்க பாவம்மா, பட்ஜெட் இல்ல. நீங்க செய்யறது தமிழ்ச் சேவை. சேவையில போயி கணக்குப் பாக்கலாமா?”

“உங்க வேன்லயும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்கதான் போறாங்க. மாசம் பொறந்தா காசு வாங்கறீங்களே?”

பின்னால் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

“அதுக்கு டீசல் ஊத்தறேன்மா. டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கறேன்.”

“நான் அச்சகத்துக்குக் கொடுத்தேன். படம் வரைஞ்ச பொண்ணுக்குக் கொடுத்தேன்.”

“அது வேற, இது வேற. படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?”

வைத்துவிட்டார். உடனே ‘மன்னிக்கவும் ஐயா’ என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். மகேன் கைப்பேசியை வாங்கிக் குளிர்பெட்டி மேல் வைத்தார்.

“அனுப்பாத. நீ கேட்டது சரிதான்.” சின்னவனைத் தோள் மாற்றிக்கொண்டே, “ஆனா கேட்டிருக்க வேணாம்” என்றார்.

அடுத்த இரண்டு நாளும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தலைமை தாங்கவிருந்த தலைவரை நீக்கிவிட்டு, பள்ளி மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்த வெளியீட்டை வேறு இடத்தில் வைக்கலாமா? அழைப்பிதழில் அவர் படம்தான் என் படத்தைவிடப் பெரிது. நிறுத்திவிட்டால் ஊரில் பேசப்படுவது அவருடைய மனவருத்தமாக இருக்கும், என் புத்தகமாக இருக்காது. அதனால் நிறுத்தவில்லை. இதைத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். பாதி பயம்.

ஒன்று மட்டும் செய்தேன். முன்பு என்னிடம் புத்தகம் வாங்கிய அம்மாக்களின் பெயர்கள் கைப்பேசியில் இருந்தன அல்லவா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதினேன். ‘புதிய புத்தகம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வாருங்கள்.’ எல்லாரும் கேட்கும் பெரிய ரகசியம் இவ்வளவுதான். மேடையில் இருப்பவர்கள் உங்கள் வாசகர்கள் இல்லை. போன முறை காசு கொடுத்து வாங்கியவர்தான் வாசகர். அவரை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஒருவருடைய குழுவில் விட்டுவைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடை, மாலை, தமிழ் வாழ்த்து எல்லாம் முறைப்படி நடந்தன. தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கூடப் பேசினார், ஒன்றும் நடக்காதது போல. முதல் புத்தகத்தை வாங்கி, பண உறையைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: “காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைக்கும் இந்தப் புத்தகத்த நான் கொண்டுபோய்ச் சேத்துட்டேன்!” கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? மேடையில் உட்கார்ந்தால் கை தானாகத் தட்டுகிறது.

கடைசியில் நூலாசிரியர் ஏற்புரை. எல்லாருக்கும் நன்றி சொல்லி ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். அறிவிப்பாளர் தம்பி காதருகில் வந்து, “சுருக்கமா முடிச்சிடுங்க சிஸ், சாப்பாடு ரெடி, மீகூன் ஆறிடும்” என்றார்.

ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். கீழே மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இதைச் சொன்னால் நாளைக்கு அவளை யார் எப்படிப் பார்ப்பார்கள்? சொல்லாவிட்டால் நாளை மறுநாள் நான் தொழிற்சாலைப் பேருந்தில் அல்லவா இருப்பேன்? இரண்டையும் எடை போட்டுப் பார்த்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடை போட நேரமில்லை. ‘என் அன்பளிப்பு’ கண்முன் வந்தது, வாயைத் திறந்தேன்.

“போன்ல இந்தப் புத்தகத்தப் படிச்சவங்க கை தூக்குங்க.”

பாதி மண்டபம் சிரித்துக்கொண்டே கை தூக்கியது.

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு!” பிள்ளைகள் கத்தினார்கள்.

“சந்தோஷம். அத போன்ல போடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லல. அது என் வேலை, என் சம்பளம். விலை பதினஞ்சு வெள்ளி. படிச்சவங்க பின்னாடி மேசைல கொடுத்துட்டுப் போங்க. புத்தகம் வேணும்னா எடுத்துக்குங்க, வேணாம்னா விடுங்க. நீங்க படிச்சதுக்குத்தான் காசு கேக்கறேன்.”

தூக்கிய கைகள் ஒன்றொன்றாக இறங்கின. தலைமையாசிரியை தம் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

“என்னம்மா, சினிமா டிக்கட் மாதிரியா?”

“ஆமாங்க மாமா, அதே மாதிரிதான்.”

“படம் பாத்து முடிச்சப்புறமா டிக்கட்?”

“அதனாலதான் மாமா, நல்லா இருந்துச்சான்னு முதல்ல கேட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். தலைவர் எழுந்து, மாலையை நாற்காலியில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார். அவர் பின்னால் ஒரு கூட்டமும் போனது. “திமிரு” என்று போகிறபோக்கில் ஓர் அம்மாள் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

மேசைக்கு முதலில் வந்தவள் புஷ்பா. “ரெண்டு கொடுங்க சிஸ். ஒண்ணு படிச்சதுக்கு, ஒண்ணு மாமியாரு படிச்சதுக்கு. நீங்க திட்டினதுல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.” நான் செய்தி அனுப்பிய அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். கேலி செய்த பெரியவரும் நின்றார். “டிக்கட் ஒண்ணும்மா” என்றார்.

இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் பக்கக் கதவு வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தேன். தோட்டக் குத்தகைக்காரரிடம் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்கிறவள். அவளிடம் காசு இருந்திருக்காது. இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம் என்று நான் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பேச்சில் எனக்கு இன்றும் உறுத்துவது இது ஒன்றுதான். ஓடிப்போய் ஒரு புத்தகத்தைப் பெரிய பிள்ளையின் கையில் கொடுத்தேன். “காசு...” என்று அவள் இழுத்தாள். “இது நான் கொடுக்கறது, அக்கா” என்றேன். இலவசமாகக் கொடுக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. எழுதியவர் கொடுக்க வேண்டும். அடுத்தவர் உங்கள் உழைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொள்ள விடாதீர்கள்.

அன்று மாலை மகேன் முன்னறையில் மீதிக் கட்டுகளை அடுக்கினார். போட்ட முதல் முழுதாக வரவில்லை. அச்சகத்துக்குக் கொடுத்தது திரும்பி வந்தது, அதற்கு மேல் சொல்லும்படி இல்லை. உடன்பாட்டின்படி நான் வேலைக்குப் போக வேண்டும். அவர் கட்டுகளை இரண்டாம் முறை எண்ணினார்.

இதற்குள் என் பேச்சை யாரோ படம் பிடித்து அதே வாட்சப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். ‘காசுப் பேய்.’ ‘தமிழை விற்கிறாள்.’ ‘தலைவரை அவமானப்படுத்திவிட்டாள்.’ ஒன்று விடாமல் படித்தேன். நீங்கள் படிக்காதீர்கள். நடுநடுவே முன்பின் தெரியாத அம்மாக்கள், ‘நானும் போனில்தான் படித்தேன். காசை எங்கே அனுப்புவது?’ என்று கேட்டிருந்தார்கள். இது ஒரு நாள் பரபரப்பா, வருமானமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவகாசமும் இல்லை.

திங்கட்கிழமை காலை, மகளை அனுப்பிவிட்டு வந்ததும் கைப்பேசி அடித்தது. சூப்பர்வைசர் அண்ணன் என்று நினைத்து எடுத்தேன். போர்ட்டிக்சன் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர்.

“வீடியோ பாத்தேன். எங்க ஸ்கூலுக்கும் உங்க புத்தகம் வேணும். பிடிஎஃப் அனுப்பி விடறீங்களா? பாத்துட்டுச் சொல்றோம்.”

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்! சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

“அனுப்ப மாட்டேன், டீச்சர்.”

“எச்.எம். முழுசா பாக்காம வாங்க மாட்டாங்களே?”

“முதல் கதை மட்டும் அனுப்பறேன். முழுசா பாக்கணும்னா புத்தகத்த எடுத்துக்கிட்டு நானே வரேன். பிள்ளைங்களுக்கு உக்காந்து வாசிச்சுக் காட்டறேன். அதுக்கும் காசு உண்டு.”

“அதுக்குமா?”

“அதுக்கும்தான். ஒரு புத்தகம் பதினஞ்சு வெள்ளி. எத்தன பிள்ளைங்க, டீச்சர்?”

அவர் யாரிடமோ மலாய் மொழியில் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அதே நேரத்தில் கைப்பேசியில் இன்னோர் அழைப்பு வந்தது. இப்போது உண்மையாகவே சூப்பர்வைசர் அண்ணன்தான். அடிக்க விட்டேன். நின்றது. மறுபடியும் அடித்தது.

“முதல் ரெண்டு வகுப்புக்கு மட்டும் எடுத்துப் பாக்கலாம்ங்கறாங்க” என்றார் டீச்சர். “வந்து வாசிச்சுக் காட்டுங்க. எச்.எம். ஓகேன்னா மத்த வகுப்புக்கும் பேசலாம்.”

மற்ற வகுப்புகளுக்கு வாங்குவார்களா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. நாளைக் குறித்துக்கொண்டு வைத்தேன். மூன்றாவது முறை அடித்த அழைப்பை எடுத்தேன்.

“வரல, அண்ணே.”

“நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றியாம்மா?”

“இல்லண்ணே. யோசிச்சா வந்துடுவேன்.”